வாசிக்கத் தெரிந்த மொழிகள்

விண்ணப்பத்தில் ஆறாவது கட்டம்:
வாசிக்கத் தெரிந்த மொழிகள்.
தமிழ் என்று எழுதினேன்.
ஆங்கிலம் என்று எழுதிவிட்டு
பக்கத்தில் 'ஓரளவு' என்று சேர்த்தேன்.
அதற்குக் கீழே ஒரு கோடு
காலியாகவே கிடந்தது.

எந்த மொழியில் அடி வாங்கினாய்,
எந்த மொழியில் கத்திக்கொண்டு
தண்ணி லாரிக்குப் பின்னால் ஓடினாய் என்று
படிவம் கேட்கவில்லை.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு மேற்கே
பருப்பு குடோனை ஒட்டின சந்தில்
வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ்.
படியில் நின்று கீரைக்காரியிடம் பேரம் பேசும்போது
இரண்டும் ஒரே வாக்கியத்தில்
தோளில் கைபோட்டு நிற்கும்.

அம்மாவுக்கு இரண்டிலும் எழுத்து கிடையாது.
எம்.சி. ரோடு கடைக்குச் சட்டைக்குப் பட்டன் வைக்கிறாள்,
நூறு பட்டனுக்கு இவ்வளவு என்று.
எண்ணிக்கையில் மட்டும்
ரமணம்மாவை ஏமாற்ற முடியாது.

ஒப்பிலக்கியம்னா என்னா என்று கேட்டாள்.
ரெண்டு பேரைப் பக்கத்துல நிக்கவெச்சி
யாரு உசரம்னு பாக்கறதா?
இல்லை என்றேன்.
அதற்குமேல் எனக்கும் தெரியவில்லை.

முதல் பருவம் முழுக்க
சேப்பாக்கத்து வகுப்பில்
ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திருந்தேன்.
பிரெஞ்சு படித்த ஒருத்தி,
ருஷ்யக் கதைகளை மலையாளத்தில் படித்த ஒருத்தன்.
பேராசிரியை அமலோற்பவம் சொல்வார்:
ஒப்பிடும் முன்
எதன்மேல் நிற்கிறாய் என்று பார்.
குனிந்து பார்ப்பேன்.
தண்டவாளத்து எண்ணெய் அப்பின செருப்பு.

பிப்ரவரியில் ஒரு மதியம்
தெனாலிக்காரி ஹைமா
ஒரு கதையை மூலத்தில் வாசித்தாள்.
மாமியாரும் மருமகளும்
குடத்தை நடுவில் வைத்துக்கொண்டு திட்டிக்கொள்ளும் இடம்.
நான் சிரித்துவிட்டேன்,
வகுப்பில் ஒரே ஆளாக,
மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்னால்.

இருபத்தோரு தலைகள் திரும்பின.
தெலுங்கு தெரியுமா உனக்கு?
தெரியாது என்றேன், பழக்கத்தில்.
பிறகு,
காதுக்குத் தெரியும் மேடம்.

அந்த வசவைத் தமிழில் சொல்லச் சொன்னார்.
சொன்னேன்.
எனக்குத் தெரிந்த தமிழ்
கேட்டுக்கு இந்தப் பக்கத்துத் தமிழ்.
இப்போது எல்லோரும் சிரித்தார்கள்.
கதைக்கா, எனக்கா என்று
இன்றுவரை பிரித்தெடுக்க முடியவில்லை.
ஹைமா மட்டும் சிரிக்காமல்
எங்க அத்தை இப்படித்தான் என்றாள்.

அன்றிரவே அகரம் தொடங்கினேன்,
இருபத்திரண்டு வயதில்,
போன வருஷக் காலண்டரின் முதுகில்.
தமிழ் ஒரே எழுத்தில் முடித்துக்கொள்வதை
இது நான்காகப் பிரித்து வைத்திருந்தது.
வாய்க்கு அந்த நான்கும் முன்பே பழக்கம்,
கைதான் வளைய மறுத்தது.
அநேக எழுத்தின் தலையிலும் ஒரு சரிக்குறி,
எழுதுமுன்னே யாரோ திருத்திவிட்டதுபோல.

நேற்று கேட் போட்டிருந்தான்.
டேங்கர் வண்டி, நாற்பது பெட்டிக்குமேல்.
ஷேர் ஆட்டோவில் நாங்கள்,
அம்மா மடியில் சட்டை மூட்டை.
முன்னால் நெல்லூர் லாரி,
பின்பலகையில் மஞ்சள் எழுத்து.

நெ, என்றேன்.
பிறகு ஒன்றின் காலைப் பிடித்து
இன்னொன்று தொங்கும் ம்ம.
தி.
நிம்மதி என்று கண் தமிழுக்குத் தாவிவிட்டது.
லாரிக்கு எதற்கு நிம்மதி?

அடுத்த எழுத்தை நான் தொடுவதற்குள்
நெம்மதிகா, என்றாள் அம்மா.

மெதுவாக.
அவதி அவதியாய்ச் சோறு தின்னும்போது சொல்வது.
குடத்தோடு மாடி ஏறும்போது
முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்வது.
அப்படியா எழுதியிருக்குது என்று
மூட்டையோடு எட்டிப் பார்த்தாள்,
தன் வாய்ப்பேச்சை எவனோ
பெயிண்ட் அடித்து
ஊர் ஊராகக் கொண்டுபோவதைப்போல.

கேட் திறந்தது.
பின்னாலிருந்து ஹாரன்மேல் ஹாரன்.
லாரி இன்னும் நகரவில்லை.
ஒரு வார்த்தை பாக்கி இருந்தது.

படி, என்றாள் அம்மா,
தமிழில்.